டாய்ச்லாண்ட் டிக்கெட்: வாரநாளில் ஆபீஸ், சனிக்கிழமை மலை

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற பயணச் சீட்டுக்கு மாதம் 63 யூரோ. இந்த ஒரு சீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீசுக்குப் போய் வரலாம், சனிக்கிழமை காலை ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் போய் இறங்கலாம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள சந்தா வேறில்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஆனால் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று தெரியாமல் ஏறினால், 63 யூரோவுக்கு மேல் இன்னொரு 60 யூரோ அபராதமாகப் போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் மியூனிக்கை வைத்துத்தான். இந்தச் சீட்டு முழுமையாகப் பயன்படும் ஊர் அது.

முதலில் விலை. 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 9 யூரோ சீட்டு ஒன்று வந்து போனது நினைவிருக்கும். அதன் தொடர்ச்சியாக 2023 மே 1 அன்று 49 யூரோவுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் தொடங்கியது. 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. மூன்று ஆண்டுக்குள் கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டது, அந்த வருத்தம் நியாயமானதுதான். இருந்தும் கணக்குப் போட்டால் வாரத்துக்குப் பதினான்கரை யூரோ. கம்பெனி வழியாக ஜாப் டிக்கெட்டாக எடுத்தால் இன்னும் குறையும்: கம்பெனி குறைந்தது 25 சதவீதம் கொடுத்தால், அரசு தரப்பில் மேலும் 5 சதவீதம் தள்ளுபடி. அப்போது நம் கையிலிருந்து போவது 44.10 யூரோ. சில கம்பெனிகள் முழுத் தொகையையும் கொடுக்கின்றன. வேலையில் சேர்ந்த முதல் வாரமே எச்ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்காதவருக்குத் தானாக வந்து சேராது. மாணவர்களுக்கு, பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தில் இருந்தால், செமஸ்டர் சீட்டு விலையில் 60 சதவீதம், அதாவது மாதம் 37.80.

எதில் செல்லும்? ஊர்ப் பஸ், ட்ராம், ஊ-பான் என்ற சுரங்க ரயில், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், பிறகு ஆர்பி, ஆர்இ என்று பெயர் தொடங்கும் வட்டார ரயில்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பிஆர்பி என்ற தனியார் ரயிலும் சேர்த்தி. நாடு முழுக்க, இரண்டாம் வகுப்பில் மட்டும். நெடுந்தூர ரயில்களான ஐசிஇ, ஐசி, இசி, ஃப்ளிக்ஸ் ட்ரெய்ன், இரவு ரயில் இவற்றில் பொதுவாகச் செல்லாது. மலை ஏறும் பல்சக்கர ரயில், கேபிள் கார், ஏரிப் படகு இவற்றுக்குத் தனிச் சீட்டு. பெர்ஷ்டஸ்காடன் வரை ரயிலும், அங்கிருந்து கோனிக்ஸே ஏரி வரை பஸ்ஸும் இந்தச் சீட்டிலேயே போகலாம். ஏரிக்கரையில் நிற்கும் படகுக்கு மட்டும் பர்ஸைத் திறக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு முதல் வகுப்பில் உட்கார்வது. வட்டார ரயிலில் முதல் வகுப்பு பல நேரம் தனிப் பெட்டியாக இருக்காது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு இருக்கைதான். கதவருகே ஒரு சின்ன "1" ஒட்டியிருக்கும். கூட்டமான ரயிலில் காலியாக ஒரு மூலை தெரிந்தால், உட்காருமுன் அந்த எண்ணைப் பாருங்கள்.

இந்தச் சீட்டின் உண்மையான மதிப்பு தூரத்தில் இல்லை. மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு வேகமான ஐசிஇ நான்கு மணி நேரத்தில் போகிறது. வட்டார ரயிலிலேயே போகிறேன் என்று கிளம்பினால் பல இடங்களில் மாறி மாறி ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அதைச் சாதனையாகச் செய்பவர்கள் உண்டு, வார இறுதிக்கு அது உதவாது. முன்பதிவு தேவையில்லை என்பதில்தான் மதிப்பு இருக்கிறது. மலைப் பக்கம் வானிலை வெள்ளி இரவு வரை உறுதியாகத் தெரியாது. முன்கூட்டி வாங்கிய மலிவு ஐசிஇ சீட்டு மழையென்றாலும் உங்களை இழுத்துக்கொண்டு போகும். இந்தச் சீட்டில் சனி காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, தெற்கே மழையென்றால் வடக்கே நியூரம்பெர்க் போகலாம், வீட்டிலேயே தூங்கினாலும் நஷ்டமில்லை. வாரம் முழுக்கக் காலண்டரைப் பார்த்துப் பார்த்து வாழ்பவருக்கு இந்தச் சுதந்திரம் பெரிது.

ஆகவே எல்லையைப் போகும் வழி இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் மலையில் இருக்கும் நேரத்தை ரயில் தின்றுவிடும். மியூனிக்கிலிருந்து டேகர்ன்ஸே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் ஒன்றரை மணிக்குள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஒன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் கூட. ஃபுஸ்ஸன் இரண்டு மணி. பெர்ஷ்டஸ்காடன் ஃப்ரைலாஸிங்கில் மாறி இரண்டரை மணி. நியூரம்பெர்க்குக்கு இங்கோல்ஸ்டாட் வழியாகப் போகும் ஆர்இ, ஐசிஇ ஓடும் அதிவேகப் பாதையிலேயே மணிக்கு 190 கிலோமீட்டர் வரை போகிறது, ஒன்றே முக்கால் மணியில் சேர்ந்துவிடும். மாதச் சீட்டில் இப்படியொரு வேகம் கிடைப்பது அபூர்வம், தவறாமல் அனுபவியுங்கள்.

மியூனிக் மத்திய நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டேகர்ன்ஸே, கார்மிஷ் பக்கம் போகும் ரயில்கள் பெரும்பாலும் 27 முதல் 36 வரையுள்ள தடங்களிலிருந்தும், ரோசன்ஹைம், சால்ஸ்பர்க் ரயில்கள் பெரும்பாலும் 5 முதல் 10 வரையுள்ள தடங்களிலிருந்தும் கிளம்பும். இவை நிலையத்தின் இரு ஓரங்கள். பாதாள எஸ்-பானிலிருந்து மேலே வந்து ஓரத் தடத்தை அடையப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சால்ஸ்பர்க் ரயில் கிழக்கு நிலையத்திலும், டேகர்ன்ஸே பக்கம் போகும் ரயில் ஹாரஸ் நிலையத்திலும் நிற்கும். வீடு அந்தப் பக்கம் என்றால் மத்திய நிலையத்துக்கு வரவே வேண்டாம், ஆனால் உட்கார இடம் கிடைக்காமல் போகலாம்.

புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் பிரியும் ரயில். மியூனிக்கில் ஒரே ரயிலாகத்தான் நிற்கும். ஹோல்ட்ஸ்கிர்ஷன் வந்ததும் பாய்ரிஷ்ஸெல் போகும் பகுதி தனியாகக் கழன்றுவிடும். மீதி ரயில் ஷாஃப்ட்லாக்கில் மறுபடி பிரிந்து, ஒரு துண்டு லெங்ரீஸுக்கும் இன்னொன்று டேகர்ன்ஸேக்கும் போகும். ஓடும்போது ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளே நடந்து போக வழி கிடையாது. ஏறும் முன் நடைமேடைப் பலகையில் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று பாருங்கள், பிறகு பெட்டியின் பக்கவாட்டில் ஒளிரும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் பெட்டியில் இருப்பதை நம்புங்கள். கடைசி நிமிடத்தில் ஓடி வந்து தவறான பகுதியில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். ஹோல்ட்ஸ்கிர்ஷனில் ரயில் சில நிமிடம் நிற்கும், இணைப்பு கழலும் சத்தம் கேட்கும் முன் இறங்கி நடைமேடையோடு நடந்து சரியான துண்டில் ஏறிவிடலாம். எட்டுப் பேர் குழுவாகப் போனால் எல்லாரும் ஒரே கதவில் ஏற வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். ஆளுக்கொரு கதவில் ஏறிய குழுவில் பாதிப் பேர் வேறு ஏரியில் இறங்குவது இந்த வழித்தடத்தில் சாதாரணம்.

வழி தேடும்போது ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கான வடிகட்டியைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஐசிஇ கலந்து வரும். அதைவிட முக்கியம், ரயில் மாறும் நேரத்தைக் குறைந்தது 15 நிமிடம் என்று வையுங்கள். செயலி தானாகக் காட்டும் நான்கைந்து நிமிட மாற்றம் காகிதத்தில்தான் நடக்கும். மணிக்கு ஒரு ரயில் ஓடும் பாதையில் ஒரு மாற்றம் தவறினால் ஒரு மணி நேரம் போச்சு.

தாமதம் இந்தச் சேவையின் பெரிய குறை. ஆல்ப்ஸ் பக்கப் பாதைகள் பல இடங்களில் ஒற்றைத் தடம். எதிரே வரும் ரயில் தாமதமானால் நம் ரயில் நிலையத்தில் காத்து நிற்க வேண்டும், ஒரு தாமதம் நாள் முழுக்கத் தொற்றிக்கொண்டே போகும். இதோடு பராமரிப்பு வேலைகள் வேறு. வார இறுதியில்தான் அதிகம் நடக்கும், ஏனென்றால் வாரநாளில் ஆபீஸ் போகிறவர்களைத் தொந்தரவு செய்ய முடியாது. வெள்ளி இரவு செயலியில் எஸ்இவி என்ற மூன்று எழுத்து தெரிந்தால், அந்தப் பகுதியில் ரயிலுக்குப் பதில் பஸ் என்று அர்த்தம். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை கூட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பஸ் நிற்கும் இடம் நிலைய வாசலிலேயே இருக்கும் என்று எண்ண வேண்டாம், பக்கத்துத் தெருவிலும் இருக்கலாம். சைக்கிளை ஏற்ற மாட்டார்கள்.

தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டா? உண்டு, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 60 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஒரு முறைக்கு 1.50 யூரோ. 4 யூரோ சேர்ந்தால்தான் தருவார்கள், ஆக மூன்று தாமதங்களைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். சாதாரணச் சீட்டு வைத்திருப்பவர், ரயில் 20 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால், தனியாகச் சீட்டு வாங்கி ஐசிஇயில் போய்விட்டு அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த உரிமை இந்தச் சீட்டுக்கு இல்லை. ஞாயிறு இரவு மாட்டிக்கொண்டு ஐசிஇயில் ஏறினால் அந்தச் செலவு முழுக்க நம்முடையது. குறைந்த விலைச் சீட்டு என்பதால் இந்த உரிமையைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. நாள்தோறும் இதை நம்பி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது போதாது என்றே நினைக்கிறோம்.

இதனால்தான் பயணத்தைச் சனிக்கிழமையில் வைக்கச் சொல்கிறோம். பவேரியாவில் கடைகள் இரவு எட்டு மணிக்கு மூடிவிடும், ஞாயிறு திறக்கவே திறக்காது. பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அங்கே கூட்டமும் விலையும் அதிகம். சனி அதிகாலை ரயிலைப் பிடித்து மாலை ஏழுக்குள் திரும்பினால் பால், தயிர், காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ரயில் குளறுபடியானாலும் ஞாயிறு கையில் இருக்கிறது. துணி, சமையல், ஊருக்கு வீடியோ கால் எல்லாம் அன்றைக்கு. ஞாயிறு துளை போடுவது, வாக்குவம் போடுவது போன்ற சத்தமான வேலையை அக்கம்பக்கத்தார் பொறுக்க மாட்டார்கள், அதை வாரநாள் மாலைக்குத் தள்ளுங்கள். ஞாயிறுதான் போக முடியும் என்றால் திரும்பும் ரயிலை மதியம் மூன்றுக்கு முன்பாகவோ மாலை ஏழுக்குப் பிறகோ பிடியுங்கள். நடுவில் மலையிலிருந்து இறங்கும் மொத்தக் கூட்டமும் ஒரே ரயிலில் நெருக்கும்.

மே, ஜூன் மாதங்களில் இயேசு விண்ணேற்ற விழா, கிறிஸ்து உடல் பெருவிழா என்ற இரண்டு விடுமுறைகளும் எப்போதும் வியாழக்கிழமைதான் வரும். இடையில் நிற்கும் வெள்ளியை ப்ரூக்கன்டாக் என்பார்கள். ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள். இந்த வெள்ளிக்கு ஜனவரியிலேயே விண்ணப்பம் போடுங்கள், ஆபீசில் எல்லாரும் கேட்பார்கள்.

மலை நடைக்கு நேரம் கணக்கிட இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம், சமதளத்தில் 4 கிலோமீட்டர். உயரத்துக்கான நேரம், தூரத்துக்கான நேரம் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். 600 மீட்டர் உயரம், 6 கிலோமீட்டர் தூரம் என்றால்: உயரத்துக்கு 2 மணி, தூரத்துக்கு ஒன்றரை மணி, ஆக ஏற 2 மணி 45 நிமிடம். இறங்கும்போது தூரத்துக்கு ஒன்றரை மணி, உயரத்துக்கு 1 மணி 12 நிமிடம், ஆக 2 மணி 6 நிமிடம். சாப்பாடு, போட்டோ, கால் வலிக்கு ஒரு மணி நேரம் சேருங்கள், மொத்தம் ஆறு மணி நேரம். இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் காலை ரயிலை முடிவு செய்ய வேண்டும். ரயில் இரவு வரை ஓடும். மலையடிவாரத்திலிருந்து நிலையத்துக்கு வரும் பஸ் அப்படியல்ல, மாலையிலேயே நின்றுவிடும் இடங்கள் பல. கடைசிப் பஸ் நேரத்தை ஏறும் முன்னரே நிறுத்தத்தில் போட்டோ எடுத்து வையுங்கள், மேலே சிக்னல் இருக்காது. கோடையில் பிற்பகல் இடியோடு மழை வரும், இரண்டு மணிக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுவது பாதுகாப்பு. கையில் புளியோதரையும், மலைக் குடிசையில் கொடுக்கக் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். கார்டு வாங்காத குடிசைகள் இன்னும் நிறைய.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று எல்லை. இந்தச் சீட்டு ஆஸ்திரியாவுக்குள் சால்ஸ்பர்க் வரையும் கூஃப்ஸ்டைன் வரையும் செல்லும். மிட்டன்வால்ட் வழியாக இன்ஸ்ப்ரூக் போக வேண்டுமானால் எல்லையிலிருந்து தனிச் சீட்டு. சோதனையில்லாத ஷெங்கன் பகுதிக்குள்தானே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி 2015-லிருந்தே சோதனை வைத்திருக்கிறது, 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும். சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும் ரயில் ஃப்ரைலாஸிங்கில் நின்று, காவலர்கள் பெட்டி பெட்டியாக வந்து பார்ப்பது வழக்கம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி அட்டை இரண்டையும் அசலாகக் கொண்டுபோக வேண்டும், போனில் இருக்கும் படம் உதவாது. அனுமதி புதுப்பிப்பு நடந்துகொண்டிருக்கும்போது தரும் தற்காலிகச் சான்றிதழ் மட்டுமே கையில் இருந்தால், அதில் எந்தப் பிரிவுக்கு நேராகக் குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு என்றால், நாட்டை விட்டு வெளியே போனால் அதைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது. ஒரு நாள் சால்ஸ்பர்க்குக்காக அந்த ஆபத்து வேண்டாம், பெர்ஷ்டஸ்காடனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்க்காரர்களுக்குச் சுருக்கமாக. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ஆர்பி 10-இல் ஏறினால் ரைன் நதிக்கரையோடு ரூடஸ்ஹைம் தாண்டியும் போகலாம், ஆற்றுப் பக்க ஜன்னலில் உட்காருங்கள். டிரெஸ்டன்காரர்களுக்கு எல்ப நதிப் பாறைகள் எஸ்-பான் தூரம்தான். கொலோன், டூசல்டார்ஃப், டார்ட்முண்ட் பக்கம் இருப்பவர்கள் ஆர்இ 1-இல் ஹம் வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் ஊன்ட்ராப் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போகலாம். ஈழத் தமிழர்கள் எழுப்பிய அந்தக் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. கோடைத் தொடக்கத்தில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு முழு ரயிலும் வேட்டி சேலையாக இருக்கும்.

குடும்பத்தோடு இருப்பவர்கள் கவனிக்க: சீட்டு ஒருவருக்கு மட்டும், பெயரோடு. ஆறு வயதுக்குள் குழந்தைகளுக்கு இலவசம், அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் சீட்டு வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களுக்குப் பவேரியா டிக்கெட் எடுப்பது லாபம். ஐந்து பேர் வரை ஒரே சீட்டு, வார இறுதியில் நாள் முழுக்க, வாரநாளில் காலை 9 மணிக்குப் பிறகு. சைக்கிளுக்குத் தனிச் சீட்டு. மியூனிக் எஸ்-பானில் வாரநாள் காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் சைக்கிள் ஏற்ற முடியாது.

யார் வாங்க வேண்டாம்? ஆபீசுக்கு நடந்தோ சைக்கிளிலோ போய், மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை வெளியூர் போகிறவர். அவருக்குப் பவேரியா டிக்கெட் போதும். வாரம் மூன்று நாளாவது ஆபீஸ் போகிறவருக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை.

வாங்கும்போது: மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து தொடங்குமாறு எடுங்கள். நடுவில் எடுத்தால் முழு மாதக் கட்டணமும் பிடிக்கும் விற்பனையாளர்கள் உண்டு, மீதி நாளுக்கு மட்டும் பிடிப்பவர்களும் உண்டு. சிலர் ஷூஃபா கடன் மதிப்பீட்டைப் பார்ப்பார்கள், ஜெர்மனிக்கு வந்து ஒரு மாதமே ஆனவருக்கு அங்கே மறுப்பு வரலாம். அப்போது கிரெடிட் கார்டு வாங்கும் வேறு செயலியிலோ உள்ளூர்ப் போக்குவரத்து நிறுவனத்திலோ முயலுங்கள். எங்கே வாங்கினாலும் சீட்டு ஒன்றுதான், நாடு முழுக்கச் செல்லும். போனில் சீட்டு இருந்தால் செயலியில்தான் காட்ட வேண்டும், ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. கூடவே போட்டோ உள்ள அடையாள அட்டையும். மலையில் குளிருக்கு பேட்டரி சட்டென்று இறங்கும், பவர் பேங்க் அவசியம். முடிந்தவரை சிப் அட்டையாகக் கேட்டு வாங்குங்கள், அந்தக் கவலையே இருக்காது.

நிறுத்துவதற்கு ஒரே விதி: எந்த மாதக் கடைசியில் நிற்க வேண்டுமோ, அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். டிசம்பர் முழுக்க ஊருக்குப் போகிறீர்கள் என்றால் நவம்பர் 10. பதினொன்றாம் தேதி நினைவு வந்தால் டிசம்பருக்கும் பணம் போய்விடும். விமானச் சீட்டு எடுக்கும் அன்றே இந்தத் தேதியையும் போனில் அலாரமாக வைத்துவிடுங்கள். ஜனவரியில் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். ஜாப் டிக்கெட்காரர்கள் மட்டும், திரும்பச் சேர எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று கிளம்பும் முன் எச்ஆரிடம் கேட்டுவிட்டுப் போகவும்.